கொம்பிரசர் நின்றுவிட்டால்: பழுதின் வேரைத் தேடுவோம்

மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் கிராமங்களில், தை மாதம் பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் ரயர் ஒட்டும் கடைக்காரருக்கு ஓய்வே இராது. உழவு இயந்திரங்கள், பெட்டிகள், நெல் ஏற்ற வரும் லொறிகள், மோட்டார் சைக்கிள்கள் எனக் காலை முதல் மாலை வரை யாராவது காற்றுக்காக வந்து நிற்பார்கள். சில மாதங்களுக்கு அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிவது இந்த இரண்டு மாத உழைப்பில்தான்.

அத்தகைய ஒரு கடையை ஓர் அறுவடைக் காலத் தொடக்கத்தில் நாம் பார்க்கச் சென்றபோது அது மூடிக் கிடந்தது. போரில் ஒரு காலை இழந்த குடும்பத் தலைவர் ஒருவருக்கு, எமது சுழற்சிக் கடன் நிதியிலிருந்து பெற்றுக்கொடுத்த பெற்றோல் எஞ்சின் கொம்பிரசர் படங்கினால் மூடப்பட்டு வேலியோரம் கிடந்தது. “சுவாமி, பம்பு முடிஞ்சுதாம். புதுசு போடவேணுமாம். ரவுணிலை கொண்டுபோய்க் காட்டினனாங்கள்” என்றார் அவர். புதுப் பம்பின் விலை, அவர் இன்னும் கட்டி முடிக்க வேண்டிய கடன் தொகைக்குக் கிட்டவாக இருந்தது. 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இறக்குமதியாகும் உதிரிப்பாகங்களின் விலை என்னவாயிற்று என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

எமது தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆசிரியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் சென்றோம். அரை நாள் வேலையில் அந்த இயந்திரம் ஓடியது. பம்பு முடியவில்லை. ஆனால் அன்று நாம் கண்ட வேறொன்று எம்மைத் திடுக்கிட வைத்தது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்லுவோம். அதனை விளங்கிக்கொள்ள, இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, அது எங்கெங்கே பழுதடைகிறது, எந்த ஒழுங்கில் பழுதைத் தேட வேண்டும் என்பவற்றை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

இயந்திரத்தின் அமைப்பு

எஞ்சினால் ஓடும் கொம்பிரசரில் நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது எஞ்சின். இரண்டாவது, எஞ்சினின் சுழற்சியைப் பம்புக்குக் கொண்டுசெல்லும் பெல்ற். மூன்றாவது, காற்றை அமுக்கும் பம்பு. நான்காவது, அமுக்கிய காற்றைச் சேர்த்து வைக்கும் தாங்கி.

பம்பினுள் பிஸ்ரன் கீழிறங்கும்போது உள்வாங்கும் வால்வு திறந்து காற்று உள்ளே வருகிறது. பிஸ்ரன் மேலெழும்போது அந்த வால்வு மூட, வெளியேற்றும் வால்வு திறந்து காற்று தாங்கிக்குச் செல்கிறது. இவ்விரு வால்வுகளும் மெல்லிய உருக்குத் தகடுகளே. தாங்கியின் வாசலில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. உள்ளே போன காற்று பம்புக்குத் திரும்பி வராமல் தடுப்பது அதன் கடமை.

மின் மோட்டாரால் ஓடும் கொம்பிரசரில், காற்று நிறைந்ததும் ஆளி தானாக நின்றுவிடும். எஞ்சினை அப்படி அடிக்கடி நிறுத்தித் தொடங்க முடியாது. எனவே சுமை தணிக்கும் வால்வு என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 120 இறாத்தலை எட்டியதும் அது திறந்து, பம்பு சுமையின்றிச் சும்மா சுழலும்படி செய்கிறது. அதே வேளை வேகக் கம்பியை இழுத்து எஞ்சினின் வேகத்தையும் குறைக்கிறது. அமுக்கம் 95 இறாத்தல் அளவுக்கு இறங்கியதும் மூடிக்கொண்டு பம்பை மீண்டும் வேலைக்கு அனுப்புகிறது. இது தவறினால் இறுதிக் காவலாக நிற்பது பாதுகாப்பு வால்வு. அமுக்கம் எல்லை மீறும்போது அது பெருஞ்சத்தத்துடன் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும்.

கை வைக்கு முன்னர்

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 14 அங்குல விட்டமுள்ள தாங்கியின் ஒரு பக்க மூடியின் பரப்பு ஏறத்தாழ 154 சதுர அங்குலம். அதனுள் 120 இறாத்தல் அமுக்கம் இருக்குமானால், அந்த மூடியை வெளியே தள்ளும் விசை 18,000 இறாத்தலுக்கு மேல், அதாவது எட்டுத் தொன்னுக்கு மேல். ஒரு லொறிச் சுமை நெல்லைத் தாங்கிக்கொண்டிருக்கும் தகடு அது. எனவே,

- எந்தப் புரியாணியைக் கழற்றுவதாயினும் முதலில் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அமுக்கமானி பூச்சியத்தைக் காட்டினாலும் வடிகுழாயில் சீறல் ஓய்ந்த பின்னரே கை வைக்க வேண்டும். அமுக்கமானியும் பழுதாகலாம்.
- பெல்ற்றின் காப்புக் கூண்டைக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடாது. சாரமும் சேலைத் தலைப்பும் கப்பியில் சிக்கினால் விடுவிக்க நேரம் இராது.
- பூட்டிய அறைக்குள் எஞ்சினை ஓட்டக்கூடாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் இன்றி ஆளைக் கொல்லும்.
- காற்றுக் குழாயை விளையாட்டுக்கும் எவர் உடலிலும் பிடிக்கக்கூடாது. உடுப்பிலுள்ள தூசியைத் தட்டவும் பயன்படுத்தக்கூடாது. தோலைத் துளைத்து உட்செல்லும் காற்று உயிரையே பறிக்கலாம்.
- இந்தக் காற்று மூச்சுவிடுவதற்கு உரியதன்று. அதில் ஒயில் ஆவியும் எஞ்சின் புகையும் கலந்திருக்கலாம். சங்கு, கடலட்டைக்குச் சுழியோடுபவர்களுக்கு இதிலிருந்து குழாய்வழியே காற்றுக் கொடுப்பது பேராபத்து.

எஞ்சின் தொடங்காவிட்டால்

கயிற்றை இழுத்துப் பாருங்கள். இலகுவாகச் சுற்றியும் எஞ்சின் தொடங்கவில்லையானால் குறை எஞ்சினில் உள்ளது. கயிறு இறுகி, இழுக்கவே முடியவில்லையானால் குறை பெரும்பாலும் பம்புப் பக்கத்தில் உள்ளது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

இலகுவாகச் சுற்றினால், எரிபொருள், பொறி, காற்று என்ற மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். பெற்றோல் குழாய் திறந்திருக்கிறதா? பெற்றோல் எவ்வளவு காலம் பழையது? ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெற்றோல் பிசின்போலாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அடுத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் துலக்கி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் அதிகம் போயிருக்கிறது. சோக்கைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் பொறுங்கள். முற்றாக உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. பின்னர் காற்று வடிகட்டியைப் பாருங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இக்கால எஞ்சின்கள் பலவற்றில் ஒயில் குறைந்தால் பொறியைத் தானாக நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. ஒயில் போதியளவு இருந்தும், சரிவான நிலத்தில் வைத்தால் அது எஞ்சினைத் தொடங்க விடாது. மட்டமான இடத்துக்கு நகர்த்தியதும் தொடங்கிய எஞ்சினை, “பேய் பிடித்தது” என்று சொல்லிக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு.

கயிறு இறுகியிருந்தால், தாங்கிக் காற்று முழுவதையும் திறந்துவிட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். இப்போது இலகுவாகச் சுற்றினால், எஞ்சின் குற்றமற்றது. பிஸ்ரனின் தலைக்கு மேல் காற்று தங்கி நின்று அதை மறித்திருக்கிறது. ஒருவழி வால்வு கசிவதோ, சுமை தணிக்கும் வால்வு தன் வேலையைச் செய்யாததோ அதற்குக் காரணம். அந்த வால்வின் தலையில் சிறு நெம்பு இருந்தால், தொடங்கும்போது அதை நிமிர்த்தி வைத்து, எஞ்சின் சூடேறிய பின்னர் மடக்க வேண்டும். காற்றைத் திறந்துவிட்ட பின்னரும் இறுக்கம் குறையாவிட்டால் பெல்ற்றைக் கழற்றி, எஞ்சினையும் பம்பையும் தனித்தனியே சுற்றிப் பாருங்கள். எது இறுகியிருக்கிறது என்பது கையில் தெரியும்.

ஓடிக்கொண்டிருந்து சுமையில் நின்றால்

எஞ்சின் நன்றாகத் தொடங்கும்; அமுக்கம் ஏற ஏறத் திணறி நிற்கும். எந்த அளவில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். 50, 60 இறாத்தலிலேயே நின்றால் எஞ்சினுக்கு வலு குறைவு. வடிகட்டி அடைப்பு, காபரேற்றர் அழுக்கு, பெற்றோல் தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைப்பு என்பவற்றைப் பாருங்கள். மூடித்துளை அடைபட்டால் பெற்றோல் சிறிது நேரம் ஓடிப் பின் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சீராக ஓடினால் குறை அதுவே.

120 இறாத்தலைத் தாண்டிய பின்னர் நின்றால், எஞ்சினைப் பழிக்காதீர்கள். சுமை தணிக்கும் வால்வு திறக்கவில்லை; எஞ்சின் தன் சக்திக்கு மீறி இழுத்துக்கொண்டிருக்கிறது. அமுக்கம் தணிந்த வேளை சும்மா ஓடும்போது நின்றுவிட்டால், குறைந்த வேகத்துக்கான திருகாணி மிகவும் தாழ்த்தப்பட்டிருக்கிறது. அதைச் சிறிது உயர்த்தினால் போதும்.

எஞ்சின் ஓடுகிறது, காற்று ஏறவில்லை

இதுவே அதிகம் சொல்லப்படும் முறைப்பாடு. “பம்பு முடிந்தது” என்ற தீர்ப்பு வழங்கப்படுவதும் பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் பம்பு இங்கே கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள்.

முதலாவதாக, வடிகுழாய் மூடியிருக்கிறதா? சிரிக்க வேண்டாம்; நாமே இதில் ஏமாந்திருக்கிறோம். இரண்டாவதாக, சவர்க்கார நுரையை ஒரு தூரிகையால் எல்லா இணைப்புகளிலும் பூசுங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு. மூன்றாவதாக, பெல்ற். எஞ்சினை நிறுத்தி, இரு கப்பிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் பெல்ற் வழுக்கும். கீச்சிடும் சத்தமும் காப்புக் கூண்டில் கரிய தூளும் அதற்குச் சாட்சி. தாழவே இல்லையானால் பெயரிங் தேயும். கப்பிகள் ஒரே நேரில் உள்ளனவா என்பதை ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பார்க்கலாம். நான்காவதாக, பம்பின் காற்று வடிகட்டி. வைக்கோல் தூசி பறக்கும் காலத்தில் அது ஒரு வாரத்திலேயே அடைத்துவிடும். பஞ்சு வகை வடிகட்டியைச் சவர்க்கார நீரில் கழுவி நன்றாக உலர்த்திப் பூட்டுங்கள். ஒருபோதும் பெற்றோலில் கழுவ வேண்டாம். சூடான பம்பு பெற்றோல் ஆவியை உள்வாங்கினால் அது வெடிக்கக்கூடும்.

ஐந்தாவதாக, சுமை தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறதா? தாங்கியில் அமுக்கம் இல்லாத நேரத்திலும் அங்கே காற்று சீறிக்கொண்டிருந்தால் அழுக்கோ துருவோ அதை மூட விடவில்லை.

இவை யாவும் சரியாயின் மட்டும் பம்பின் வால்வுத் தகடுகளைச் சந்தேகியுங்கள். வடிகட்டியைக் கழற்றிவிட்டு, ஓடும் பம்பின் உள்வாங்கும் வாயருகே ஒரு கடதாசித் துண்டைப் பிடியுங்கள். கடதாசி உள்ளே இழுபட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே ஊதித் தள்ளப்பட்டால் உள்வாங்கும் தகடு உடைந்தோ, கரி சிக்கியோ இருக்கிறது. இழுபட்டும் காற்று ஏறாவிட்டால், தலையைக் கழற்றி வெளியேற்றும் தகட்டையும் காஸ்கற்றையும் பார்க்க வேண்டும். கரியைச் சுரண்டும்போது தகடு அமரும் பரப்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் பூட்டும்போது தலையின் புரியாணிகளை ஒரு பக்கத்திலிருந்து இறுக்கி வராமல், எதிரெதிரானவற்றைச் சிறிது சிறிதாக மாறி மாறி இறுக்க வேண்டும். தகடுகளும் காஸ்கற்றும் புதுப் பம்பின் விலையில் ஒரு சிறு பகுதியே.

காற்று ஏறும் நேரத்தைப் புதிதாக வாங்கிய நாளிலேயே அளந்து எழுதி வைப்பது நல்லது. 100 லீற்றர் தாங்கியை 7 மடங்கு வளிமண்டல அமுக்கத்துக்கு நிரப்ப 700 லீற்றர் வெளிக்காற்று வேண்டும். நிமிடத்துக்கு 140 லீற்றர் தரும் பம்பு அதை 5 நிமிடத்தில் செய்யும். அதே வேலைக்கு 8 நிமிடம் எடுக்கத் தொடங்கினால் நோய் தொடங்கிவிட்டது என்று அறியலாம். முற்றாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஏறிய காற்று தங்கவில்லை

மாலையில் நிறைத்துவிட்ட தாங்கி காலையில் வெறுமையாக இருந்தால், இணைப்புகளை நுரையால் சோதியுங்கள். அங்கே கசிவு இல்லை, ஆனால் எஞ்சினை நிறுத்திய பின்னரும் பம்பின் வடிகட்டிப் பக்கத்திலோ சுமை தணிக்கும் வால்விலோ சீறல் தொடர்கிறது என்றால், ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை. தாங்கியை முற்றாக வெறுமையாக்கிய பின் அதைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சிறு தட்டும் சுருளியும் இருக்கும். பெரும்பாலும் ஒரு கரித் துணுக்கே தட்டின் கீழ் சிக்கியிருக்கும். துடைத்துப் பூட்டினால் போதும். தட்டின் றப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

தாங்கியின் உடலிலேயே குமிழி வந்தால், அந்தத் தாங்கியின் காலம் முடிந்துவிட்டது. வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டாம். ஒரு துளை தெரிகிறதென்றால் அதைச் சுற்றியுள்ள தகடும் உள்ளே துருவால் மெலிந்துவிட்டது. ஓட்டையை அடைப்பவர், வெடிப்பை இன்னொரு நாளுக்கு ஒத்திவைக்கிறார், அவ்வளவே.

எல்லை கடக்கும் அமுக்கம்

120 இறாத்தல் ஆகியும் எஞ்சின் வேகம் குறையாமல் ஓடி, பாதுகாப்பு வால்வு திறந்து அலறுகிறது என்றால், பலர் பாதுகாப்பு வால்வு பழுது என்று எண்ணுகிறார்கள். அது பழுதன்று, தன் கடமையைச் செய்கிறது. குறை சுமை தணிக்கும் வால்வில். தாங்கியிலிருந்து வரும் துருநீர் அதன் உள்ளே போய்ச் சிக்கவைத்திருக்கும். காற்றை இறக்கிவிட்டுக் கழற்றித் துடைத்து, வேகக் கம்பி தடையின்றி அசைகிறதா என்றும் பாருங்கள். அதன் திருகாணியைத் திருகி அளவை உயர்த்துவது திருத்தமன்று. பாதுகாப்பு வால்வைத் திருகுவதோ, அளவு தெரியாத வேறொன்றைப் பூட்டுவதோ, அடைப்பதோ ஒருபோதும் கூடாது. வாரம் ஒரு தடவை, தாங்கியில் காற்று இருக்கும்போது முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு அதன் வளையத்தை இழுத்துப் பாருங்கள். காற்று வெளியேறி, விட்டதும் மூட வேண்டும். அசையாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

நீர், ஒயில், சூடு, சத்தம்

எமது பிரதேசத்தின் ஈரக் காற்றில் நீர் மிகுதி. 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி உண்டு. அதை எட்டில் ஒரு பங்காக அமுக்கி ஆறவிட்டால், அதில் 20 கிராம் வரை தாங்கியில் நீராகத் தங்கிவிடும். மேலே சொன்ன பம்பு நாளுக்கு மூன்று மணித்தியாலம் காற்று நிரப்பினால், சேரும் நீர் அரைப் போத்தலுக்கு மேல். ஒரு மாதம் திறந்துவிடாத தாங்கியில் எவ்வளவு நீர் கிடக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த நீர் தாங்கியை உள்ளிருந்து தின்கிறது. துருவாகி வால்வுகளுக்குச் செல்கிறது. தாங்கியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு காற்றின் கொள்ளளவையும் குறைக்கிறது.

ஒயிலைப் பொறுத்தவரை, எஞ்சினுக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று என இரண்டு இடங்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். எஞ்சினுக்கு ஒழுங்காக ஊற்றிவிட்டுப் பம்பை உலரவிட்டவர்கள் பலர். பம்புக்குக் கொம்பிரசருக்குரிய ஒயிலையே, கண்ணாடித் துளையின் நடு மட்டத்துக்கு ஊற்றுங்கள். முதல் 50 மணித்தியாலத்தில் ஒரு தடவையும், பின்னர் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் மாற்றலாம். கைநூல் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. காற்றோடு ஒயில் வந்தால், மட்டம் கூடியிருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே பிஸ்ரன் றிங் தேய்ந்ததென்று முடிவு செய்யுங்கள்.

பம்பு அளவுக்கு மீறிச் சூடானால், அதன் செதில்களில் படிந்த தூசியைத் துடையுங்கள். கப்பியில் குறித்துள்ள அம்புக்குறியின் திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்புறம் சுற்றினால் காற்று பம்பின் மேல் வீசாது. கப்பியின் அளவும் முக்கியம். நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றும் எஞ்சினில் 3 அங்குலக் கப்பியும் பம்பில் 12 அங்குலக் கப்பியும் இருந்தால் பம்பு 750 தடவை சுற்றும். “காற்று கெதியாக ஏறட்டும்” என்று எஞ்சினில் 4 அங்குலக் கப்பியைப் போட்டால் அது 1,000 ஆகிவிடும். காற்று கெதியாக ஏறும். பம்பும் கெதியாகப் போகும்.

தட்டும் சத்தம் கேட்டால் முதலில் கப்பியின் புரியாணி, எஞ்சினைத் தாங்கும் நட்டுகள் என்பவற்றை இறுக்குங்கள். பின்னர் வால்வுத் தட்டிலுள்ள கரியைப் பாருங்கள். அதன் பின்னரும் ஆழத்திலிருந்து தட்டும் சத்தம் வந்தால், உடனே நிறுத்தி அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

அந்தக் கடையில் நாம் கண்டது

இனி அந்தப் படங்கின் கீழ் கிடந்த இயந்திரத்துக்கு வருவோம். கயிற்றை இழுக்கவே முடியவில்லை. காற்றைத் திறந்துவிட்டபோது வடிகுழாயிலிருந்து முதலில் வந்தது காற்றன்று, செந்நிறத் துருநீர். பல போத்தல் வந்தது. பின்னர் கயிறு இலகுவாகச் சுற்றியது, எஞ்சின் தொடங்கியது. ஒருவழி வால்வில் ஒரு கரித் துணுக்கு. சுமை தணிக்கும் வால்வில் துருச் சேறு. பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ற்று இறுக்கிப் பூட்டப்பட்டிருந்தது.

“திறக்கிற நேரமெல்லாம் பெரிய சத்தம், சுவாமி. வாற ஆக்கள் பயப்பிடினம். அதுதான் கழட்டிப்போட்டு அடைச்சு விட்டனான்” என்றார் அவர். அந்தத் தாங்கியோடு சாய்ந்திருந்துதான் அவர் ரியூப் ஒட்டுவது வழக்கம். பாடசாலை விட்டு வந்ததும் பிள்ளைகள் இருவரும் அதன் அருகிலேயே விளையாடுவார்கள்.

நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தோம். நாளாந்தம் நீர் திறந்துவிடப்படவில்லை. அந்த நீர் துருவாகிச் சுமை தணிக்கும் வால்வைச் சிக்கவைத்தது. அமுக்கம் எல்லை கடந்தது. பாதுகாப்பு வால்வு அலறியது. அலறலை நிறுத்த அது அடைக்கப்பட்டது. ஓய்வின்றி மீறிய அமுக்கத்தில் உழைத்த பம்பு சூடேறிக் கரி பிடித்தது. அந்தக் கரியில் ஒரு துணுக்கு ஒருவழி வால்வில் சிக்க, எஞ்சினைத் தொடங்கவே முடியாமல் போயிற்று. இதை எவரும் வரிசையாகத் தேடிப் பார்க்கவில்லை. கடைசியில் தெரிந்ததை மட்டும் பார்த்துப் பம்பு முடிந்ததென்று சொல்லிவிட்டார்கள். ஒருவகையில் எஞ்சின் தொடங்காமற் போனதே இறைவன் அந்தக் குடும்பத்துக்குச் செய்த காவல் என்று நாம் எண்ணினோம்.

அவரைக் குறைசொல்ல எமக்கு உரிமையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் பெற்றோல் இன்றி, மண்ணெண்ணெயில் நீர்ப்பம்புகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டிய மக்கள் நாம். இல்லாததற்கு மாற்றுக் காணும் அந்தக் கெட்டித்தனமே எம்மை உயிரோடு வைத்திருந்தது. அதே கெட்டித்தனம், ஏன் என்று கேளாமல் பாதுகாப்பு வால்வையும் அடைத்துவிடுகிறது. தவறு எங்களுடையது. கடனைக் கொடுத்தோம், இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தோம், புகைப்படமும் எடுத்து அறிக்கையில் சேர்த்தோம். அதைப் பராமரிக்க ஒரு நாள் பயிற்சி கொடுக்கவில்லை. கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக் கொடுக்கவும் எமக்குத் தோன்றவில்லை.

அந்தத் தாங்கியை நாம் அப்படியே பாவிக்க விடவில்லை. எல்லை மீறிய அமுக்கத்தையும் துருவையும் கண்ட தாங்கியை, காற்றை அடைத்துச் சோதிக்கக்கூடாது. நீரை நிறைத்து, வேலை அமுக்கத்திலும் ஒன்றரை மடங்கு அமுக்கம் கொடுத்தே சோதிக்க வேண்டும். காற்றைப்போல நீர் அமுங்கிச் சக்தியைச் சேர்த்து வைப்பதில்லை. ஆகையால் தாங்கி விரிசல் கண்டாலும் வெடித்துச் சிதறாது. அச்சோதனையில் தாங்கி தேறியது. புதிய பாதுகாப்பு வால்வும் புதிய அமுக்கமானியும் பூட்டிய பின்னரே கடை திறந்தது.

நாளாந்த ஒழுங்கு

இப்போது எமது நிதியில் கொம்பிரசர் பெறும் ஒவ்வொருவரும் ஒரு நாள் அமர்ந்து, அதைத் தம் கையாலேயே கழற்றிப் பூட்டிய பின்னரே வீட்டுக்குக் கொண்டுசெல்கிறார்கள். தாங்கியின் மேல் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது:

- காலையில்: இரண்டு ஒயில் மட்டங்களையும் பார். மட்டமான நிலத்தில் வை. வடிகுழாயைத் திறந்தபடி தொடங்கு. சீராக ஓடியதும் மூடு.
- மாலையில்: எஞ்சினை நிறுத்து. நீர் முழுவதும் போகும்வரை வடிகுழாயைத் திற.
- கிழமைக்கு ஒரு தடவை: பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்துப் பார். வடிகட்டியைக் கழுவு. பெல்ற்றை அழுத்திப் பார்.
- மாதத்துக்கு ஒரு தடவை: தாங்கி நிறையும் நேரத்தை அளந்து எழுது. இணைப்புகளுக்கு நுரை பூசு.
- போகம் முடிந்து நிறுத்தி வைக்கும்போது: பெற்றோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு. தாங்கியை வெறுமையாக்கி, வடிகுழாயைத் திறந்தே விடு.

கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும் மாதர் சங்கங்களிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரில் ஓடும் கொம்பிரசர்கள் எத்தனை என்று இம்மாதமே சென்று பாருங்கள். பாதுகாப்பு வால்வு இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதை மட்டுமாவது பாருங்கள். அதற்குப் பணம் தேவையில்லை. பத்து நிமிடம் போதும். கடன் கொடுக்கும் அமைப்புகள், உதிரிப்பாகத்துக்கும் பயிற்சிக்கும் ஒரு சிறு தொகையைக் கடனோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

நற்செய்தியில் வரும் தாலந்து உவமையில், தனக்குக் கொடுக்கப்பட்டதை நிலத்தில் புதைத்து வைத்தவனைப் பற்றி நாம் அடிக்கடி மறையுரையில் பேசுகிறோம். அவன் அதைப் புதைத்ததற்குக் காரணம் அச்சம். எமது கிராமங்களில் படங்கின் கீழ் புதைந்து கிடக்கும் இயந்திரங்கள் பலவற்றுக்கும் காரணம் அதுவே: கழற்றிப் பார்க்க அச்சம், கேட்க வெட்கம். அறிவு கொடுக்கப்படும்போது அந்த அச்சம் நீங்குகிறது. அச்சப்பட வேண்டியது எதற்கு என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது.

அந்தக் கடை இன்று திறந்திருக்கிறது. பொழுதுபட்டதும் வடிகுழாயைத் திறந்து நீரை வெளியேற்றுவது இப்போது மூத்த மகளின் வேலை. நீர் நின்று காற்றின் சத்தம் மட்டும் கேட்கும்வரை அவள் அதை மூடுவதில்லை.